ஆஸ்திரேலியப் பிரதமர் ஆல்பிரட் டீக்கின்

ஆஸ்திரேலியா ஒரே நாடாகப் பிறந்தது 1901-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில். அதன் பின் வந்த பத்தாண்டுகளுக்குள் அந்நாட்டின் பிரதம மந்திரிப் பதவி ஏழு முறை கைமாறியது. அதில் அமர்ந்தவர்கள் ஐவர். அவ்வைவருள் ஒருவர் மட்டும் மூன்று முறை அப்பதவிக்கு வந்து, மூன்று முறை அதை விட்டு இறங்கினார். அவர்தாம் ஆல்பிரட் டீக்கின். அவரது வாழ்க்கையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தொலைவில் உள்ள ஒரு நாட்டின் பழைய பிரதமரைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். டீக்கின் நம் நாட்டுக்கு வந்தவர். இங்குள்ள கால்வாய்களையும் கோயில்களையும் கண்டு இரண்டு நூல்கள் எழுதியவர். நமது சமய நூல்களை மதித்துப் படித்தவர். ஆஸ்திரேலியாவின் தொடக்ககாலத் தலைவர்களில் இந்தியாவைப் பற்றி இவ்வளவு சிந்தித்தவர் வேறொருவர் இருந்தாரா என்பது ஐயமே. ஆனால், இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறாதபடி கதவை அடைத்த சட்டத்திற்குப் பார்லிமெண்டில் வாதாடியவர்களில் முதன்மையானவரும் அவரே. இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் எவ்வாறு பொருந்தி நின்றன? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் வரலாற்றை நாம் பார்க்க வேண்டும்.

டீக்கின் 1856-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் மெல்போர்ன் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்திருந்தார்கள். 1851-ல் விக்டோரியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டபின் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கு வந்து குவிந்தார்கள். அந்தப் பரபரப்பான காலத்தின் பிள்ளை டீக்கின். தந்தை பல தொழில்கள் பார்த்துப் பின்னர் ஒரு கோச்சு வண்டிக் கம்பெனியில் கணக்கராக அமர்ந்தவர். செல்வக் குடும்பம் அன்று. ஆயினும் மகனை நல்ல பள்ளியில் படிக்க வைத்தார். டீக்கின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1877-ல் வக்கீலானார். கட்சிக்காரர்கள்தாம் வரவில்லை. சட்டப் புத்தகங்களைவிடக் கவிதையிலும் தத்துவத்திலும் ஆவியுலக ஆராய்ச்சியிலும் அவர் மனம் சென்றது. இறந்தோருடன் பேச இயலும் என்று நம்பிய ஒரு கூட்டத்தாருக்கு அந்த இளம் வயதிலேயே அவர் தலைவராகவும் இருந்தார்.

இப்படித் திசை தெரியாமல் இருந்த இளைஞருக்கு ஒரு வழி காட்டியவர் 'ஏஜ்' என்ற பத்திரிகையின் அதிபர் டேவிட் சைம். 1878-ல் டீக்கின் அவரைச் சந்தித்தார். அப்பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். அயல்நாட்டுச் சரக்குகளுக்குச் சுங்கவரி கூடாது என்ற கொள்கையோடு சைமிடம் சென்ற டீக்கின், உள்நாட்டுத் தொழில்களை வரி விதித்துக் காக்கவேண்டும் என்ற கொள்கையினராக மாறினார். மறு ஆண்டே, சைமின் தூண்டுதலால், விக்டோரியாச் சட்டசபைக்கு ஓர் இடைத்தேர்தலில் நின்று வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அந்த வெற்றியில் ஒரு குறை இருந்தது. ஒரு வாக்குச் சாவடியில் வாக்குச் சீட்டுகள் தீர்ந்துபோயின. அதனால் சிலர் வாக்களிக்க முடியாமல் திரும்பினர். டீக்கினுக்குக் கிடைத்த பெரும்பான்மையோ மிகச் சிறியது. தவறு அவருடையது அன்று. பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க அவருக்கு வழியும் இருந்தது. ஆனால் அவர் சட்டசபையில் தம் கன்னிப் பேச்சைப் பேசி முடிக்கும்போதே, 'இத்தகைய ஐயத்திற்கிடமான வெற்றியை நான் வைத்துக்கொள்ள விரும்பவில்லை' என்ற பொருள்படக் கூறித் தம் ராஜினாமாவை அறிவித்தார். அவை திகைத்தது. மீண்டும் தேர்தலில் நின்றார். சில வாக்குகளில் தோற்றார். அடுத்த பொதுத் தேர்தலிலும் தோற்றார். 1880 ஜூலையில்தான் மறுபடி அவைக்குள் நுழைந்தார். அரசியலில் நுழையும் முதல் வாயிலிலேயே ஒருவர் பதவியைத் துறந்து வெளியே வந்தது மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. அந்த நற்பெயர் அவரை நெடுங்காலம் காத்தது.

அதன்பின் அவரது உயர்வு விரைவாக நடந்தது. 1883-ல், இருபத்தாறு வயதில், மந்திரியானார். 1886-ல் டங்கன் கில்லீஸ் என்பவரோடு சேர்ந்து விக்டோரியாவின் கூட்டு மந்திரி சபைக்குத் தலைமை தாங்கினார். தொழிற்சாலைகளில் வேலை நேரத்தையும் நிலைமைகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 1885-ல் நிறைவேற்றினார். 1887-ல் லண்டனில் நடந்த குடியேற்ற நாடுகளின் மாநாட்டுக்குச் சென்றபோது, பசிபிக் தீவுகள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரருக்கு விட்டுக்கொடுக்க எண்ணிய பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரி பிரபுவை எதிர்த்துத் துணிவுடன் பேசினார். முப்பது வயது இளைஞர் ஒருவர் பேரரசின் பிரதமரிடம் அவ்வாறு பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பயணத்தில் அவருக்கு 'சர்' பட்டம் அளிக்க முன்வந்தார்கள், வேண்டாம் என்றார். இறுதிவரை அவர் வெறும் 'மிஸ்டர்' டீக்கினாகவே இருந்தார்.

இந்தக் காலத்தில் அவர் மனத்தைக் கவர்ந்த பெரும் பிரச்சினை தண்ணீர். விக்டோரியாவின் வடபகுதி வறண்ட நிலம். மழை பொய்த்தால் பயிரும் ஆடும் ஒருசேர மடியும். ஆறுகள் உண்டு, ஆனால் ஆங்கிலேயச் சட்டப்படி ஆற்றங்கரையில் நிலம் உடையவனுக்கே ஆற்று நீரில் உரிமை. ஈரமான இங்கிலாந்துக்கு அச்சட்டம் பொருந்தலாம்; வெயில் காயும் நாட்டுக்குப் பொருந்துமா? 1885-ல் டீக்கின் அமெரிக்காவுக்குச் சென்று கலிபோர்னியாவின் பாசன வேலைகளைப் பார்வையிட்டார். தண்ணீரால் பாலைவனம் பழத்தோட்டமாவதைக் கண்டார்; தண்ணீருக்காக மனிதர் கோர்ட்டு ஏறிச் செல்வத்தை அழித்துக்கொள்வதையும் கண்டார். திரும்பிவந்து 1886-ல் ஒரு பாசனச் சட்டம் கொண்டுவந்தார். ஆற்று நீரின் மேல் உள்ள உரிமை அரசாங்கத்துக்கே உரியது என்பது அச்சட்டத்தின் உயிர்நிலை. ஆஸ்திரேலியாவின் நீர்ச் சட்டங்கள் பலவும் பின்னர் அந்த அடிப்படையிலேயே அமைந்தன.

கலிபோர்னியாவில் பாசனக் குடியிருப்புகள் அமைத்துப் பெயர் பெற்ற ஜார்ஜ், வில்லியம் சாஃபி என்ற சகோதரர்கள் விக்டோரியாவுக்கு வந்தார்கள். மர்ரே ஆற்றங்கரையில் மில்டூரா என்ற இடத்தில் 1887-ல் அவர்களுக்கு நிலம் கொடுக்கப்பட்டது. முதலில் எல்லாம் தவறாகவே நடந்தது. கால்வாய்களில் நீர் கசிந்தது. விளைந்த பழங்களைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல ரயில் இல்லை. 1895-ல் சாஃபி சகோதரர்கள் திவாலானார்கள். ஆனால் அந்த மண்ணில் நட்ட திராட்சை பட்டுப்போகவில்லை. உலர்ந்த திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊராகப் பிற்காலத்தில் மில்டூரா வளர்ந்தது.

1890-ல் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒன்றின்போது படையை அழைத்ததன் பயனாக அந்த மந்திரி சபை செல்வாக்கிழந்து விழுந்தது. பதவியின்றி இருந்த டீக்கினை 'ஏஜ்' பத்திரிகை இந்தியாவுக்கு அனுப்பியது. பாசனத்தை அறிய விரும்புகிறவன் இந்தியாவைப் பாராமல் இருக்க முடியாது என்பது அக்காலத்தில் உலகறிந்த செய்தி. காவிரியிலும் கோதாவரியிலும் ஆர்தர் காட்டன் கட்டிய அணைகளும், வடக்கே கங்கைக் கால்வாயும், பஞ்சாபின் கால்வாய்களும் பல நாட்டு இஞ்சினீயர்களுக்குப் பாடப் புத்தகங்களாக விளங்கின. அவற்றுக்கெல்லாம் முற்பட்டவை நம் மன்னர்கள் கட்டிய ஏரிகளும் அணைகளும். இலங்கையின் பழைய குளங்களும் அத்தகையவையே. முப்பத்துநான்கு வயதில் டீக்கின் அப்பயணத்தை மேற்கொண்டார். பத்திரிகையில் தொடர்ந்து எழுதிய கட்டுரைகள் 1893-ல் இரண்டு நூல்களாக வெளிவந்தன. ஒன்று இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் பாசனத்தையும் வேளாண்மையையும் பற்றியது. மற்றொன்று இந்தியக் கோயில்களையும் கல்லறைகளையும் பற்றியது. கணக்கும் அளவும் நிரம்பிய முதல் நூலை ஒரு மந்திரி எழுதினார் என்றால், இரண்டாம் நூலை ஓர் ஆன்மிக நாட்டக்காரர் எழுதினார் எனலாம்.

அந்த நாட்டம் வெறும் பயணியின் வேடிக்கை அன்று. டீக்கின் எந்தச் சர்ச்சின் கோட்பாட்டிலும் முழுமையாக அடங்கவில்லை. புத்தரைப் பற்றிப் படித்தார், குர்ஆனைப் படித்தார், நம் தத்துவங்களையும் தேடினார். சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையிலும் 1890-களின் நடுவில் சில காலம் உறுப்பினராக இருந்தார். தனிமையில் அமர்ந்து குறிப்பேடுகளில் பிரார்த்தனைகளை எழுதுவது அவரது வழக்கம். அவை பலநூறு இருக்கும். அரசியல் மேடையில் கேட்போரை மயக்கிய அந்த நாவலர், வீட்டில் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளும் மௌனியாக வாழ்ந்தார்.

அவர் இந்தியாவிலிருந்து திரும்பிய சில காலத்துக்குள் மெல்போர்னில் பெரும் இடி விழுந்தது. நில வியாபார மோகத்தில் ஊதிப் பெருத்த கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன; 1893-ல் பாங்குகள் பல கதவை மூடின. டீக்கினும் அக்கம்பெனிகள் சிலவற்றில் பங்கு கொண்டிருந்தார். தம் பணத்தையும், தம்மை நம்பித் தந்தை போட்டிருந்த பணத்தையும் இழந்தார். மறுபடி வக்கீல் அங்கியை அணிந்து குடும்பத்தைக் காத்தார். அந்தப் பத்தாண்டு முழுவதும் மந்திரிப் பதவியை அவர் நாடவில்லை. தம் ஓய்வையும் உழைப்பையும் ஒரே நோக்கத்துக்குக் கொடுத்தார். அதுதான் ஆஸ்திரேலியக் காலனிகளின் ஒற்றுமை.

அன்று அக்கண்டத்தில் ஆறு காலனிகள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கு போனால் சுங்கம் கட்ட வேண்டும். இருப்புப் பாதைகளின் அகலமும் வேறு வேறு. சிட்னியிலிருந்து மெல்போர்ன் செல்லும் பிரயாணி எல்லையில் ஆல்பரி என்ற ஊரில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வேறு ரயில் ஏறவேண்டியிருந்தது. இவற்றை ஒன்றாக்க 1890 முதல் 1898 வரை பல மாநாடுகள் கூடின. அவற்றில் எல்லாம் டீக்கின் இருந்தார். 1898 மார்ச்சில் அரசியல் சட்ட நகல் முடிந்தபோது, விக்டோரியாவில் அதற்கு ஆதரவு உறுதியாக இல்லை. 'ஏஜ்' பத்திரிகையே தயங்கியது. பெண்டிகோ என்ற ஊரில் ஒரு விருந்தின் முடிவில் டீக்கின் எழுந்து பேசினார். இத்தருணத்தை விட்டால் இன்னொரு தருணம் நம் தலைமுறைக்கு வாராது என்பதே அப்பேச்சின் சாரம். கேட்டவர்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். விக்டோரியா ஒற்றுமையின் பக்கம் திரும்பியது அந்த இரவிலிருந்துதான் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள்.

மக்கள் வாக்களித்து ஏற்ற அரசியல் சட்டத்தைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நிறைவேற்றுவதற்காக 1900-ல் பார்ட்டன், கிங்ஸ்டன், டீக்கின் ஆகிய மூவரும் லண்டன் சென்றார்கள். மேல் முறையீடுகள் பற்றிய ஒரு பிரிவைக் குடியேற்ற மந்திரி சேம்பர்லேன் பிடிவாதமாக மாற்ற முயன்றார். பல வாரங்கள் பேச்சு நடந்தது. இறுதியில் சமரசம் ஏற்பட்டுச் சேம்பர்லேனின் அறையில் தனித்து விடப்பட்டபோது, அந்த மூன்று பெரிய மனிதர்களும் கைகோத்துச் சிறுபிள்ளைகள்போல் வட்டமாகச் சுற்றி ஆடினார்களாம். இதை டீக்கினே எழுதி வைத்திருக்கிறார். அந்த நூல் அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1944-ல்தான் அச்சாயிற்று.

லண்டனில் மற்றோர் ஏற்பாடும் நடந்தது. 'மார்னிங் போஸ்ட்' என்ற லண்டன் பத்திரிகைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வாரம்தோறும் கடிதம் எழுத டீக்கின் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு 500 பவுன் சம்பளம், பெயர் வெளியிடப்படாது. சட்ட மந்திரியாக இருந்தபோது எழுதினார். பிரதமராக இருந்தபோதும் எழுதினார். 'பிரதமர் டீக்கின் இவ்வாறு செய்தார்' என்று தம்மைப் பற்றி வேற்று மனிதர்போல எழுதினார். சமயத்தில் தம்மையே குறைகூறியும் எழுதினார். இது முறையா? இல்லை என்றே நான் சொல்வேன். அரசாங்கத்தை நடத்துபவரே மறைந்து நின்று அதை விமரிசிப்பது படிப்பவரை ஏமாற்றுவதாகும். ஐயத்திற்கிடமான வெற்றியை இருபத்திரண்டு வயதில் உதறியவர், நாற்பத்தைந்து வயதில் இந்த இரகசியத்தைச் சுமந்தார். மனிதர் ஒரே நேர்கோட்டில் நடப்பதில்லை. ஆயினும் அக்கடிதங்கள் அந்தக் காலத்துக்குச் சிறந்த வரலாற்றுச் சான்றாக நமக்கு இன்று பயன்படுகின்றன.

புதிய நாட்டின் முதற் பிரதமர் பார்ட்டன். சட்ட மந்திரி டீக்கின். இங்குதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறோம். முதற் பார்லிமெண்ட் முதலாண்டிலேயே நிறைவேற்றிய முக்கியச் சட்டங்களில் ஒன்று 1901-ஆம் ஆண்டுக் குடியேற்றத் தடைச் சட்டம். அதில் ஆசியர் என்ற சொல்லோ நிறம் என்ற சொல்லோ இல்லை. ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள் கொண்ட பகுதியை அதிகாரி படிப்பார். வந்தவர் அதைக் கேட்டு எழுத வேண்டும். எழுதாவிட்டால் திரும்ப வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் அறிந்தவன் வந்தால் வேறொரு மொழியில் சோதிக்கலாம். 1909-க்குப் பிறகு அச்சோதனையில் எவரும் தேறவில்லை. இந்தச் சூழ்ச்சிக்கு முன்மாதிரி, தென் ஆப்பிரிக்காவின் நேட்டால் காலனி 1897-ல் இந்தியரைத் தடுக்க இயற்றிய சட்டமாகும். அதே ஆண்டில் நேட்டால் துறைமுகத்தில் காந்தியடிகள் இறங்கியபோது வெள்ளையர் கூட்டம் அவரைத் தாக்கியது நமக்கு நினைவிருக்கும். இந்தியப் பிரஜைகளையும் ஜப்பானையும் வெளிப்படையாகப் புண்படுத்த வேண்டாம் என்று எண்ணிய சேம்பர்லேன் இம்முறையையே சிபாரிசு செய்தார்.

பார்லிமெண்டில் டீக்கின் இம்மசோதாவை ஆதரித்துப் பேசியது மிகக் கவனிக்கத்தக்கது. மற்ற பலர் ஆசிய மக்களை இழிந்தவர்கள் என்று ஏசினார்கள். டீக்கின் ஏசவில்லை. அவர்களுடைய தீய குணங்களுக்காக அன்றி நல்ல குணங்களுக்காகவே அஞ்சுகிறோம் என்றார். அவர்களது தளராத உழைப்பும், பொறுமையும், புதிய தொழிலைக் கற்கும் திறமையும், சிக்கன வாழ்வும் நம்மால் போட்டியிட முடியாதவை. ஆகவே அவர்கள் வரலாகாது என்பது அவரது வாதம். ஒரே இன மக்களாக இருந்தால்தான் புதிய நாடு ஒன்றுபட்டு நிற்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். அறியாமையால் வெறுப்பவனிடம் அறிவை எடுத்துச் சொல்லித் திருத்தலாம். அறிந்து, மதித்து, அதன்பின் கதவை அடைப்பவரிடம் என்ன சொல்வது? டீக்கினின் வாழ்க்கையில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது இந்த இடமே.

இந்தச் சுவர் துறைமுகத்தோடு நிற்கவில்லை, நாட்டிற்குள்ளேயும் எழுந்தது. பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை அளித்த 1902-ஆம் ஆண்டுச் சட்டம், ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கும் ஆசியருக்கும் ஆப்பிரிக்கருக்கும், ஏற்கெனவே மாகாணப் பட்டியலில் இருந்தவர் நீங்கலாக, அவ்வுரிமையை மறுத்தது. பசிபிக் தீவுகளிலிருந்து குவின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட உழைப்பாளிகளை நாடு கடத்தச் சட்டம் 1901-ல் இயற்றப்பட்டது. டீக்கின் பிரதமராக இருந்தபோதுதான், 1906-ன் இறுதியிலிருந்து, ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். இன்னும் முன்னால் சென்றால், 1886-ல் அவர் பங்குபெற்ற விக்டோரிய அரசாங்கமே, கலப்பு வழியில் பிறந்த பழங்குடியினரை அவர்களுடைய குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றிக் குடும்பங்களைப் பிரித்த சட்டத்தைக் கொண்டுவந்தது.

அவரது ஆக்கப்பணிகள் பெரியவை. 1902-ல் உயர் நீதிமன்றத்தை அமைக்கும் மசோதா மீது அவர் பல மணி நேரம் பேசிய பேச்சு பார்லிமெண்டின் சிறந்த பேச்சுகளில் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. 1903-ல் அந்நீதிமன்றம் பிறந்தது. பார்ட்டன் நீதிபதியாகச் செல்ல, செப்டம்பர் 24-ஆம் நாள் டீக்கின் பிரதமரானார். அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் மூன்று கட்சிகள் ஏறக்குறையச் சம பலத்துடன் வந்தன. ஒரே மைதானத்தில் மூன்று கிரிக்கெட் கோஷ்டிகள் இறங்கி, ஒரு கோஷ்டி சிலநேரம் ஒரு பக்கமும் சிலநேரம் மறு பக்கமும் ஆடினால் ஆட்டம் எப்படி நடக்கும் என்று டீக்கின் கேட்டார். 1904 ஏப்ரலில் அவர் அரசாங்கம் விழுந்தது. அடுத்து வந்த வாட்ஸனின் மந்திரி சபை, உலகிலேயே ஒரு தேசத்தை ஆண்ட முதல் தொழிற்கட்சி அரசாங்கமாகும். அதன்பின் வந்த ரீடின் ஆட்சியும் நிலைக்கவில்லை.

1905 ஜூலையில் டீக்கின் இரண்டாம் முறை பிரதமரானார். தொழிற்கட்சியின் ஆதரவோடு மூன்றாண்டுகளுக்கு மேல் நீடித்த இந்த ஆட்சியே அவரது பொற்காலம். சுங்கவரியால் பாதுகாப்புப் பெறும் முதலாளி தன் தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. அதன்படி வந்த ஒரு வழக்கில், 1907-ல் நீதிபதி ஹிக்கின்ஸ், ஒரு சாதாரணத் தொழிலாளி மனைவி மக்களுடன் கௌரவமாக வாழ நாளொன்றுக்கு 7 ஷில்லிங் வேண்டும் என்று தீர்ப்பளித்தார். முதலாளியின் இலாபத்தைக் கொண்டு கணக்கிடாமல் மனிதனின் தேவையைக் கொண்டு கூலியைக் கணக்கிட்ட தீர்ப்பு அது. அச்சட்டத்தை உயர் நீதிமன்றம் மறு ஆண்டே செல்லாது என்றது. எனினும் அந்தக் கூலிக் கருத்து பல்லாண்டுகள் அந்நாட்டில் நிலைத்தது. 1908-ல் முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் பென்ஷன் அளிக்கும் சட்டமும் வந்தது. வாரத்துக்கு 10 ஷில்லிங் வரை. அதிலும் வெளிநாட்டில் பிறந்த ஆசியருக்கும் பழங்குடியினருக்கும் இடமில்லை. அதே ஆண்டில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பதினாறு, டீக்கினின் அழைப்பின் பேரில் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் வந்தன. லண்டனைக் கேளாமல் முதலில் அமெரிக்கரோடு பேசியது ஒரு குடியேற்ற நாட்டுக்குப் புதிய துணிவு.

1908 நவம்பரில் தொழிற்கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது, பிஷர் பிரதமரானார். 1909-ல் டீக்கின், தம் நெடுநாள் எதிரிகளான ஜோசப் குக்கின் கட்சியோடு இணைந்து அவ்வரசாங்கத்தை வீழ்த்தி மூன்றாம் முறை பதவியேற்றார். பழைய நண்பரான லைன் அவையிலே 'யூதாஸ்! யூதாஸ்!' என்று கத்தினார். தொழிற்கட்சியின் ஹியூஸ் எழுந்து, அவ்வாறு ஒப்பிடுவது யூதாஸுக்குச் செய்யும் அநீதி என்று குத்தலாகப் பேசினார். மக்களும் இக்கூட்டை ஏற்கவில்லை. 1910 ஏப்ரல் தேர்தலில் தொழிற்கட்சி தெளிவான பெரும்பான்மை பெற்றது. டீக்கினின் அதிகார வாழ்வு அத்துடன் முடிந்தது.

அதற்கு முன்பே வேறொரு துன்பம் தொடங்கியிருந்தது. 1907-ல் லண்டன் மாநாட்டில் ஓயாமல் பேசிக் களைத்துத் திரும்பியதிலிருந்து அவர் உடல் தேறவில்லை. மெல்ல மெல்ல நினைவு மறையத் தொடங்கியது. சொற்களே செல்வமாக வாழ்ந்தவருக்குச் சொற்கள் வாராமற்போயின. தம் நினைவு கரைந்து செல்வதைத் தாமே உணர்ந்து குறிப்பேட்டில் எழுதிவந்தது படிப்போர் உள்ளத்தை உருக்கும். 1913-ல் அரசியலிலிருந்து விலகினார். 1919 அக்டோபர் 7-ஆம் நாள், அறுபத்துமூன்றாம் வயதில், மெல்போர்னில் உயிர் நீத்தார்.

அவர் கட்டியவற்றில் எவை நின்றன? உயர் நீதிமன்றம் நின்றது. முதியோர் பென்ஷன் நின்றது. தண்ணீர் பொதுவுடைமை என்ற கொள்கை நின்றது. அவர் எழுப்பிய சுவர் நிற்கவில்லை. 1925-ல் அங்கிருந்த இந்தியருக்கு வாக்குரிமை கிடைத்தது. 1958-ல் மொழிச் சோதனை ஒழிந்தது. 1962-ல் பழங்குடியினர் அனைவரும் தேசியத் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். 1973-ல் குடியேற்றத்தில் இன வேற்றுமை பாராட்டும் கொள்கை முற்றிலும் கைவிடப்பட்டது. சுவர் இடிந்ததால் நாடு சிதறவில்லை. ஒரே இனமாக இருந்தால்தான் ஒற்றுமை நிலைக்கும் என்று டீக்கின் கொண்ட நம்பிக்கை தவறு என்பதைக் காலம் காட்டிவிட்டது.

1974-ல் விக்டோரியாவில் நிறுவப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்துக்கு டீக்கினின் பெயரைச் சூட்டினார்கள். அப்பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர் பலர் பயின்று வருகின்றனர். 2024-ல் அதுவே குஜராத்தில் காந்திநகருக்கு அருகே ஒரு கிளையைத் திறந்தது. 1890-ல் இந்தியாவின் கால்வாய்களைக் கற்றுக்கொள்ள வந்தவரின் பெயரால் இந்தியாவிலேயே ஒரு கல்விக்கூடம் அமைந்திருக்கிறது.

ஒரு மக்களின் நூலைப் படிப்பதும், அவர்கள் கோயிலைக் கண்டு வியப்பதும், அவர்கள் அறிவைக் கடன் வாங்குவதும் எளிது. அந்த மக்களில் ஒருவர் நம் தெருவில் வந்து குடியேறி, நம்மோடு தொழில் செய்து, நமக்குச் சமமாக வாக்களிப்பதை ஏற்பது அரிது. டீக்கின் முன்னதைச் செய்தார். பின்னதைச் செய்ய அவரால் இயலவில்லை. அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும், கற்றவரும் நல்லவரும் இந்த இடத்தில் தடுக்கி விழக்கூடும். நம் ஊரில், நம் தெருவில், நாமும் எங்கெங்கே அவ்வாறு நிற்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே டீக்கினின் வரலாற்றைப் படிப்பதால் வரும் பயன்.